பலாப்பழ லாரியும் பிராட்பேண்டும்

கேள்வி: ஜியோ, ஏர்டெல், பி.எஸ்.என்.எல். எல்லாம் இருக்கும் ஊரில் நான் சின்னதாக ஒரு இன்டர்நெட் கம்பெனி தொடங்கினால் பிழைக்க முடியுமா?
- கேபிள்காரர் ஒருவர், பண்ருட்டி

பதில்: விலையில் மோதினால் முடியாது. 2016-இல் டேட்டாவைச் சும்மாவே கொடுத்துப் பழக்கிய ஜியோவோடு என்ன போட்டி? விஷயமே பலாப்பழ லாரி தெருவுக்குள் நுழையும்போதுதான். லாரி உரசி, கேபிளுக்குள் இருக்கும் முடி அளவு கண்ணாடி இழை அறுந்ததும் பெரிய கம்பெனி, ‘தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்’ என்னும். நீங்களோ ஸ்ப்ளைசிங் மெஷினை டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வைத்துக்கொண்டு வந்து, கம்பத்தில் ஏணி சாத்தி, ஒட்டிவிட்டு, ‘அக்கா, இப்ப பாருங்க’ என்பீர்கள். அந்த அக்கா ஐம்பது ரூபாய்க்காகக் கட்சி மாறமாட்டார். ஐ.பி.எல். இறுதிப் போட்டியன்று மட்டும் போனை அணைத்துவிடாதீர்கள்!