பெயர் வெட்டிய சம்படம்

குக்கர் கைப்பிடியின் திருகாணி கழன்று எங்கேயோ விழுந்துவிட்டது. விழட்டும். அதே அளவில் ஒன்று என்னிடம் இருந்தது. எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள், அரைத் தாழ்ப்பாள், பீங்கான் ஃப்யூஸ் கட்டை, மூடியில்லாத பேனா, பேனாவில்லாத மூடி ஆகியவற்றோடு ஒரு பிஸ்கட் டின்னில் பத்திரமாக இருந்தது. இப்போது டின்னே இல்லை. பெங்களூரிலிருந்து வந்த தம்பி மகள் ஊருக்குத் திரும்புவதற்குள் எங்கள் வீட்டை ஒழுங்குபடுத்திவிட்டுப் போயிருக்கிறாள்.

“ஒரு வருஷமா தொடாத பொருள் வீட்டுல இருக்கவே கூடாது பெரியப்பா.”

“வீட்டுப் பத்திரத்தத் தொட்டு ரொம்ப வருஷமாச்சே தாயி. பழைய பேப்பரோட போட்டுருவமா?”

“ஜோக் அடிக்காதீங்க பெரியப்பா.”

நான் ஜோக் அடிக்கவில்லை. அந்த விதிப்படி பார்த்தால் முதலில் போக வேண்டியது பத்திரம், அடுத்தது லாக்கர் சாவி, அதற்கடுத்தது குளிர்காலம் வரும் என்று நம்பி மதுரையில் நான் வாங்கிய ஸ்வெட்டர். விதி என்றால் விதிதானே. ஆனால் டின் மட்டும்தான் போனது. ஏழைக்கு ஒரு நீதி.

இதற்கெல்லாம் மூலகுரு ஒரு ஜப்பான்காரர். மாரி கோண்டோ. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, இது எனக்கு மகிழ்ச்சி தருகிறதா என்று பார்க்க வேண்டுமாம்; தராவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிட வேண்டுமாம். நானும் எடுத்துப் பார்த்தேன். கழிவறை பிரஷ் மகிழ்ச்சி தரவில்லை. மின்கட்டண அட்டை தரவில்லை. சர்க்கரை பார்க்கிற கருவி ஒரு காலத்திலும் தந்ததில்லை. நன்றி சொல்லி அனுப்பிவிட்டு நான் எங்கே போய் நிற்பது? அம்மையாரின் நிகழ்ச்சி 2019 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. உலகமே வீட்டிலிருந்த சாமானை மூட்டை கட்டித் தெருவில் வைத்தது. அதே ஆண்டு நவம்பரில் அவர் இணையத்தில் கடை திறந்து சாமான் விற்க ஆரம்பித்தார். காலியான அலமாரி சும்மா கிடக்குமா? 2023இல், மூன்றாவது குழந்தைக்குப் பிறகு வீட்டை ஒழுங்காக வைப்பதை ஓரளவு கைவிட்டுவிட்டதாக அவரே சொன்னார். பிள்ளைகளை வரிசையாகப் பெற்ற எங்கள் அப்பத்தா இந்த முடிவுக்கு முதல் பிள்ளையிலேயே வந்துவிட்டாள். அவளை யாரும் பேட்டி எடுக்கவில்லை.

உள்ளூர் குருமார்கள் இன்னும் மோசம். போகி வந்தால் போதும், நன்னூலை இழுத்துவிடுவார்கள். பழைய சொல் போய்ப் புதுச் சொல் வருவது குற்றமில்லை என்று இலக்கண நூலை முடிக்கும்போது பவணந்தியார் சொல்லி வைத்தார். பாயைக் கொளுத்து, டயரைக் கொளுத்து என்று அவர் எங்கும் சொல்லவில்லை. 2018 போகியன்று சென்னையில் கிளம்பிய புகையில் விமானங்கள் இறங்க முடியாமல் தடுமாறின. ஒரு நூற்பாவைத் தப்பாகப் படித்ததற்கு விமான நிலையமே ஸ்தம்பித்தது நம் ஊரில்தான்.

வீட்டை ஒழுங்கு பண்ண எனக்கென்று ஒரு முறை இருக்கிறது. யாரும் கேட்காததால் இதுவரை சொல்லவில்லை. இந்தக் கட்டுரையே அதற்காகத்தான். முதல் படி, பரணில் இருப்பதை இறக்க வேண்டும். பரணில் இருப்பது எவர்சில்வர்.

மற்ற பாத்திரங்களுக்கெல்லாம் ஒரு முடிவு உண்டு. மண்சட்டி உடையும். பித்தளை களிம்பேறும். அலுமினியம் நசுங்கும். இரும்பு துருப்பிடித்தால் வாசலுக்கு வருகிறவரிடம் கொடுத்துப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்னலாம். எவர்சில்வருக்குச் சாவே கிடையாது. 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் ஹாரி பிரியர்லி என்பவர் அரித்துப்போகாத துப்பாக்கிக் குழாய் செய்ய உலோகம் தேடிக்கொண்டிருந்தார். கிடைத்தது துருப்பிடிக்காத எஃகு. அவர் தேடியதோ துப்பாக்கிக்கு. வந்து குவிந்ததோ எங்கள் பரணில்.

சும்மா குவிந்தால்கூடச் சமாளிக்கலாம். பேர் வெட்டிக் குவிந்திருக்கிறது.

அண்டாவில் அப்பத்தா வீட்டுச் சீர் என்று இனிஷியல். குடத்தில் தாய்மாமன் பெயர், ஊர், தேதி. தாம்பாளத்தில் மணமக்கள் பெயர், அதைவிடப் பெரிய எழுத்தில் அன்பளித்தவர் பெயர். தூக்குச்சட்டியில் இடம் போதாமல் பெயரின் பாதி உடம்பிலும் மீதி மூடியிலும் இருக்கிறது. மூடி மாறிப்போனால் இரண்டு குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மனிதர் உருவாகிவிடுகிறார். எங்கள் சின்னச் சம்படத்தில் அப்படி ஒருவர் இருக்கிறார். தலை உசிலம்பட்டி, உடம்பு திருமங்கலம்.

பேர் வெட்டிய பாத்திரத்தை யாரால் விற்க முடியும்? பழைய பாத்திரம் எடுக்கிறவர் எடையைத்தான் பார்ப்பார். நமக்கோ சித்தப்பாவைத் தராசில் வைத்தது போல இருக்கும். அதோடு, கொடுத்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். வீட்டுக்கும் வருகிறார்கள். பெரிய மாமா வருகிறார் என்று போன் வந்தவுடன் நான் ஸ்டூல் போட்டு ஏறி, அவர் கொடுத்த சம்படத்தை இறக்கி, கழுவித் துடைத்து, அதில் முறுக்கு போட்டு வைப்பேன். அவர் முறுக்கை எடுக்க மாட்டார். சம்படத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பேரைத் தேடுவார். கண்ணில் பட்ட பிறகுதான் முறுக்கு. காபி கொடுத்தாலும் அப்படித்தான், டம்ளரைச் சாய்த்துச் சாய்த்து அடியைப் படித்தபடியே குடிப்பார். ஒரு தடவை அவருக்கு அவருடைய பங்காளி கொடுத்த டம்ளரில் காபி போய்விட்டது. அதற்கப்புறம் பொங்கலுக்குத்தான் பேசினார்.

இதைவிடப் பெரிய சிக்கல், எங்களுடையதே இல்லாத பாத்திரங்கள். எந்தக் காலத்திலோ யார் வீட்டிலிருந்தோ குழம்போடு வந்தவை. குழம்பு தீர்ந்துவிட்டது, பாத்திரம் தங்கிவிட்டது. ‘க.வெ. 12.6.74’ என்று ஒரு கும்பா இருக்கிறது. யார் அந்த க.வெ.? என் தங்கை அது பழைய வாடகை வீட்டுக்காரர் என்கிறாள். சின்ன அத்தை, கல்யாணம் நின்றுபோன ஒருவருடைய சீர் என்கிறார். யார் கல்யாணம் என்று கேட்டால் போனை வைத்துவிடுகிறார். சித்தப்பா அது க.வெ. இல்லை, கி.வெ., மேல்விலங்கு தேய்ந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் பூதக்கண்ணாடி வைத்த படமே அனுப்பினார். கல்வெட்டுக்காரர்கள் சண்டையாவது ஒரு கருத்தரங்கோடு முடிந்துவிடும். இது ஒவ்வொரு காதுகுத்திலும் முதல் பந்தியில் ஆரம்பிக்கும்.

தம்பி மகள் இந்தக் கும்பாவை எடுத்துக்கொண்டு வந்து, “இது நம்முதே இல்லையே பெரியப்பா, தூக்கிப் போட்டா என்ன?” என்றாள். நம்முடையது என்றால் போடலாம். அடுத்தவர் பொருளை எப்படிப் போடுவது? நாளைக்கே க.வெ. கதவைத் தட்டினால்?

அவளுக்கு இது புரியாது. அவளுக்குத் தேவை என்று ஒன்று வந்தால் போனைத் தொடுகிறாள், பத்து நிமிஷத்தில் வாசலில் மணி அடிக்கிறது. தொலைபேசிக்கும் ஸ்கூட்டருக்கும் கேஸ் இணைப்புக்கும் எழுதிப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த ஆட்கள் நாங்கள். இன்றைக்குத் தூக்கிப் போட்டால் நாளைக்குக் கிடைக்கும் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் பொய். சணல் கயிற்றைக்கூடச் சுற்றி வைத்தது கஞ்சத்தனத்தால் இல்லை. இப்போது பத்திரிகையில் படம் போடுகிறார்களே, வெள்ளைச் சுவர், ஒரு நாற்காலி, ஒரு செடி, அந்த வீட்டுக்காரர்களிடம் சாமான் இல்லை என்று நினைக்காதீர்கள். கடைத்தெரு முழுவதையும் தங்கள் பரணாக வைத்திருக்கிறார்கள். வாடகை மட்டும் ஒவ்வொரு தடவையும் பொருளின் விலையாகப் போகிறது. சம்பளம் நிற்கிற மாதம் அந்த வெள்ளைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பார்க்கட்டும்.

எரிச்சல்தான். இருக்காதா? குக்கருக்கு ஒரு திருகாணி வாங்கப் போனேன். அது மட்டும் தனியாக வராதாம். கைப்பிடி செட்டாகத்தான் வருமாம். செட்டில் ஒரு கைப்பிடி, இரண்டு திருகாணி, ஒரு வாஷர். ஆக, எனக்கு வேண்டாத கைப்பிடி ஒன்றும் திருகாணி ஒன்றும் வாஷர் ஒன்றும் வீட்டுக்குள் வந்துவிட்டன. அவற்றைப் போட்டுவைக்க டின் இல்லை.

ஊரே இப்படித்தான் ஆகிவிட்டது. திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில் தூணுக்குத் தூண் கடை இருந்தது. தையல் மிஷின், பாத்திரம், பழைய பாடப்புத்தகம், பொம்மைக்கு நகை என்று எதைக் கேட்டாலும் உண்டு. சிலைகளின் முழங்கால் வரை சரக்கு. அதைக் காலி செய்து கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். சிற்பத்துக்கு நல்லது, ஒப்புக்கொள்கிறேன். எனக்கு வழி தெரியாமல் போனது என் கஷ்டம்.

அடுத்த மாதம் சொந்தத்தில் ஒரு புதுமனைப் புகுவிழா. வீட்டுப் படத்தைப் பெருமையாக அனுப்பியிருந்தார்கள். பரணே கிடையாதாம். கண்ணுக்கு அடைசல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று பையன் சொல்லிவிட்டானாம். பத்திரிகையின் அடியில் ‘அன்பளிப்புகளைத் தவிர்க்கவும்’ வேறு. அழைத்துவிட்டு வெறுங்கையோடு வரச் சொல்வது எந்த ஊர் முறை?

பெயர் வெட்டுகிற ஆள் இப்போதெல்லாம் எளிதில் அகப்படுவதில்லை. அலைந்து ஒருவரைப் பிடித்தேன். அண்டாவை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு மிஷினை முடுக்கியபடி கேட்டார்.

“பேரு மட்டும் போதுமாண்ணே? தேதியும் போடணுமா?”

“தேதி, ஊரு, இனிஷியல் எல்லாம் போடுங்க. கொஞ்சம் ஆழமாவே வெட்டுங்க.”