மங்கலம்பேட்டைத் தகரப்பெட்டிச் சவரக்கருவிகள்: காலக்கணிப்பு குறித்த ஓர் ஆய்வு

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை போகும் சாலையில் இருக்கிறது மங்கலம்பேட்டை. அங்கே எங்கள் வீட்டுப் பரணில் கிடந்த தகரப்பெட்டிதான் இவ்வாய்வின் களம். அடுக்கடுக்காகப் பிரித்து எடுப்பதே அகழாய்வு நெறி. எங்கள் ஆயா பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டதால் மேலடுக்கு, கீழடுக்கு என்ற சிக்கலே எழவில்லை.

முதல் சான்று ஒரு மடக்குக் கத்தி. கழுத்தில் 'இங்கிலாந்து' என்ற ஒற்றைச் சொல்தான் இருக்கிறது. இறக்குமதிப் பொருளில் பிறந்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சுங்கச் சட்டம் 1891இல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே நாட்டுப்பெயர் உள்ள இங்கிலாந்துக் கத்தியைப் பொதுவாக அதற்குப் பிற்பட்டதாகக் கொள்வர். அமெரிக்கச் சுங்கத்துக்கும் மங்கலம்பேட்டைக் கன்னத்துக்கும் என்ன உறவு என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம்: ஊருக்கொரு முத்திரை வைத்து அடிக்கப் பட்டறைக்காரர் என்ன பைத்தியமா?

இரண்டாவது, ஒரு பிளேடு உறை. விலை நயா பைசாவில் இருக்கிறது. எனவே 1957 ஏப்ரலுக்கு முன்னால் போக வழியில்லை. 1964இல் 'நயா' கழன்று வெறும் பைசாவானது. முகவரியில் பின்கோடும் இல்லை. அது வந்தது 1972 ஆகஸ்டில் என்பதால், இந்தச் சான்று இங்கே மிகைதான். ஆனாலும் ஆய்வாளனுக்குக் கை அரிக்கிறது.

மூன்றாவதாகக் கிடைத்த பீங்கான் கோப்பை என்னைக் கவிழ்த்துவிட்டது. அதன் அடிவளையம் மெருகு பூசாமல் சொரசொரப்பாக இருக்கும். தாத்தா அதில்தான் கத்தி தீட்டுவாராம். விருத்தாசலத்துச் சூளையில் வெந்தது என்று ஆயா சொல்கிறார். அதில் முத்திரையும் இல்லை, எண்ணும் இல்லை. எந்த நூற்றாண்டு என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை.

கடல் கடந்து வந்த கில்லெட் ஷேவிங் செட்டோ தன் ஜாதகத்தையே சுமந்து நிற்கிறது. 1903இல் மொத்தமே 51 செட்டும் 168 பிளேடும் விற்ற நிறுவனம் அது. 1950களில் தன் அமெரிக்கத் தயாரிப்புகளின் தலைக்கு அடியில் ஆண்டுக்கு ஓர் ஆங்கில எழுத்தும், காலாண்டுக்கு ஓர் எண்ணும் பொறிக்கத் தொடங்கியது. 1955க்கு 'ஏ', அங்கிருந்து வரிசையாக. எங்கள் செட்டில் இருப்பது 'ஈ 2'. அதாவது 1959, ஏப்ரல் முதல் ஜூனுக்குள்.

முடிவை ஆயாவிடம் அறிவித்தேன்.

"அது எங்கப்பா மாப்பிள்ளைக்குச் சீர் வச்சது. கல்யாணம் அம்பத்தாறுல."

கல்யாணப் பத்திரிகையைக் கேட்டேன், வந்தது. 1956, வைகாசி. மூன்றாண்டு கழித்துச் செய்யப்படவிருக்கும் பொருளை மாமனார் சீராக வைத்திருக்கிறார். எழுத்து வரிசையை மூன்று முறை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். அமெரிக்கத் தொழிற்சாலை தவறியிருக்கலாம் என்றுகூட ஓர் அடிக்குறிப்பு எழுதி வைத்தேன். பூதக்கண்ணாடியோடு நான் திண்ணையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ஆயாவே இளகினார்.

"சீர் வச்சது வேற. இது உங்க தாத்தா அப்புறமா மெட்ராஸ்ல வாங்கியாந்தது."

"அப்ப அந்த முதல் செட்டு?"

"கெணத்துல போட்டுட்டேன்."

"ஏன் ஆயா?"

"தாடி வச்சா மூஞ்சி நல்லாருக்குன்னு யாரோ சொன்னாளாம். வந்து எங்கிட்டயே சொல்றாரு."

தாடி வைக்க ஆசைப்பட்டவரின் சவரக்கருவியைக் கிணற்றில் போடுவது தண்டனையா சலுகையா என்ற கேள்வியை ஆயா ஏற்க மறுத்துவிட்டார். யார் அந்த 'யாரோ' என்பதற்கும் பதில் இல்லை. கிணறு வீட்டுக் கொல்லையில்தான் இருக்கிறது. சித்திரையில் தண்ணீர் இறங்கியதும் தூர் வாரலாம் என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார். ஆயா வேண்டாம் என்கிறார்.