அறுபத்துமூவரும் ஒரு கோட்டையும்

2025 செப்டம்பர் 12, வெள்ளிக்கிழமை. காலை ஆறரைக்கே ஆபீசுக்கு மெயில் போட்டுவிட்டேன்: கண் எரிச்சல், லேசான ஜுரம், இன்று லீவ். பத்து மணிக்குப் பெங்களூர் மல்லேஸ்வரத்துக்குப் பக்கத்து மால் ஒன்றில், தியேட்டரின் நடு வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வயது நாற்பத்து நாலு. தோளில் பச்சையும் கருப்புமாகக் கட்டம் போட்ட துண்டு.

துண்டின் கதையைச் சொல்லிவிடுகிறேன். ‘டீமன் ஸ்லேயர்’ என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரின் நாயகன் தஞ்சிரோவின் மேலங்கி அந்தக் கட்டம்தான். ஆன்லைனில் அது விற்ற விலையைக் கேட்டால் அரக்கனே ஓடிவிடுவான். எட்டாவது கிராஸ் நடைபாதையில் ஏறக்குறைய அதே கட்டத்தில் லுங்கித் துணி கிடைத்தது. ஒன்றரை மீட்டர் கிழித்து வாங்கி வந்தேன். “கைப்பிடித் துணி கேட்டிருந்தேன், ஞாபகமா வாங்கிண்டு வந்திருக்கான்” என்று அம்மா நெகிழ்ந்துபோனாள். அன்றிலிருந்து அதற்கு இரட்டை உத்தியோகம்.

தியேட்டரில் எல்லாம் கல்லூரிப் பிள்ளைகள். பக்கத்து சீட்டுப் பையன் என்னையும் காலியாக இருந்த மறுபக்கத்து சீட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அங்கிள், நிம்ம மக எல்லி?” என்று கேட்டான். பாத்ரூம் போயிருக்கிறான் என்று சொல்லிவைத்தேன். இல்லாத பிள்ளை, இரண்டே முக்கால் மணி நேரம் திரும்பி வரவில்லை. பையன் கவலைப்பட்ட மாதிரியும் தெரியவில்லை.

கதை எளிமையானது. குடும்பத்தை அரக்கன் கொன்றுபோடுகிறான். மிஞ்சிய ஒரே தங்கை நெசுகோவும் அரக்கியாகிவிடுகிறாள். யாரையும் கடித்துவிடாமல் இருக்க அவள் வாயில் மூங்கில் துண்டு. அவளை மரப்பெட்டியில் வைத்து முதுகில் சுமந்துகொண்டு பழிவாங்கப் புறப்படுகிறான் அண்ணன். கொயோஹாரு கோதோகே 2016இல் வாரப் பத்திரிகையில் வரையத் தொடங்கி 2020இல் முடித்த மாங்கா, அதாவது சித்திரக்கதை, 23 தொகுதிகள். டிவியில் 2019 ஏப்ரலில் ஆரம்பித்து, இந்தப் படம் தொடங்கும் கோட்டை வாசல் வரைக்கும் மொத்தம் 63 எபிசோட். இந்த எண்ணைச் சொன்னதும்தான் அம்மாவுக்கு விஷயத்தில் ஒரு மரியாதை வந்தது. “அறுபத்துமூவரா? அப்படின்னா பெரியவாளாத்தான் இருப்பா.”

அவளும் கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் நின்று பார்த்திருக்கிறாள். “பெட்டிக்குள்ள இருக்காளே, அந்தப் பொண்ணு சாப்ட்டாளா?” என்பது முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி, அந்த மூங்கில் எந்தக் கடையில் கிடைக்கும் என்பது. யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

முடிவு எனக்கு முன்பே தெரியும்; மாங்காவைப் படித்தாகிவிட்டது. அதனால் என்ன? ராமன் திரும்பி வருவான் என்று தெரியாமலா ராமநவமி உபன்யாசத்துக்கு முதல் ஆளாகப் போய் இடம் பிடிக்கிறோம்? ‘இன்ஃபினிட்டி காசில்’ என்ற இந்தப் படம் மூன்று படங்களில் முதலாவது என்பதும் தெரிந்ததுதான். ஆக, அன்று எதுவும் முடியப்போவதில்லை. ஆனாலும் துண்டோடு போனேன். கல்யாணப் பெண் புகுந்த வீட்டுக்குக் கிளம்புகையில் அழ வேண்டியதை நிச்சயதார்த்தத்தன்றே ஆரம்பித்துவிடும் அத்தை ஒருத்தி எல்லாக் குடும்பத்திலும் உண்டு. எங்கள் குடும்பத்தில் அது நான்.

சரியாக வழியனுப்பிய ரசிகர்களையும் பார்த்திருக்கிறேன். ‘கின்டாமா’ என்று ஒரு தொடர். 2013இல் ‘இறுதி அத்தியாயம்’ என்று பெயர் வைத்தே ஒரு படம் விட்டார்கள்; 2015இல் டிவியில் திரும்ப வந்து நின்றது. மாங்கா 2018இல் முடிகிறது என்று அறிவித்தார்கள், முடியவில்லை. வேறு பத்திரிகைக்குப் போனது, அங்கேயும் முடியாமல் செல்போன் செயலிக்குப் போய் 2019இல் ஒருவழியாக அடங்கியது. நம் வீட்டுக்கு வரும் மாமாக்கள் “அப்போ வரேன்” என்று எழுந்து, வாசலில் ஒரு கால் செருப்போடு முக்கால் மணி நேரம் பேசுவார்களே, அதே ஜாதி. கடைசியில் 2021 ஜனவரியில் ‘தி ஃபைனல்’ படம். ஜப்பானில் அந்தப் படத்துக்கு டிக்கெட் வாங்கியவர்களுக்கு என்ன பரிசு கொடுத்தார்கள் தெரியுமா? கின்டாமா ஆசிரியர் சோராச்சி தன் கையால் வரைந்த டீமன் ஸ்லேயர் பாத்திரங்களின் படம்! சொந்த வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் பக்கத்து வீட்டு போட்டோவைத் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுத்த மாதிரி. வழியனுப்புவதென்றால் இப்படித்தான் அனுப்ப வேண்டும்.

எனக்கு அப்படி வழியனுப்பும் தைரியம் இல்லை. இங்கே திரையில், கோட்டைக்குள் அறைகள் தலைகீழாகப் புரள, ஒரு அரக்கி மூலையில் உட்கார்ந்து பீவா என்ற வாத்தியத்தை மீட்ட, ஒவ்வொரு தந்தி அசைவுக்கும் ஒரு மாடி இடம் மாறுகிறது. அரக்கர் பட்டியலில் மூன்றாம் இடத்துக்காரனோடு தஞ்சிரோ மோதுகிறான். கழுத்துக்குக் கத்தி வரும் நேரத்தில் பிளாஷ்பேக். அதுவும் வில்லனுடைய பிளாஷ்பேக்! அவனுக்கு ஒரு நோயாளி அப்பா, அப்புறம் ஒரு காதல், வாணவேடிக்கை. இத்தனை நேரம் எவன் சாக வேண்டும் என்று பல்லைக் கடித்தேனோ, அவனுக்காக நான் தேம்ப ஆரம்பித்தேன். கைப்பிடித் துணியில் முகத்தைத் துடைத்தேன். அதில் முந்தின நாள் ரசத்தின் மிளகு இருந்தது. மீதிப் படம் முழுவதும் ஒரு கண்ணால்தான் பார்த்தேன்.

வெளியே வந்ததும் பசி. ஆட்டோ பிடித்துப் பதினைந்தாவது கிராஸ், வீணா ஸ்டோர்ஸ். இட்லித் தட்டோடு நடைபாதையில் ஒதுங்க இடம் தேடுகிறேன், எதிரே என் மேனேஜர். அவர் கையிலும் தட்டு. என் கண்களைப் பார்த்தார். இரண்டும் செம்பருத்தியாக இருந்தன.

“மெட்ராஸ் ஐயா?” என்று கேட்டபடியே தட்டோடு இரண்டடி பின்னால் போனார். “இதோட எதுக்கு வெளியில சுத்தறீங்க? திங்கள், செவ்வாயும் எடுத்துக்கோங்க.”

நான் தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறந்தால் மறுபடி தேம்பிவிடுவேனோ என்ற பயம்.

வீட்டில் அம்மா கதவைத் திறந்து ஏற இறங்கப் பார்த்தாள். “முடிஞ்சுடுத்தா?”

“இல்லம்மா. இன்னும் ரெண்டு படம் இருக்கு.”

“அப்போ எதுக்குடா அழுதே?”

பதில் சொல்லத் தெரியவில்லை. அவளே காபியை ஆற்றிக்கொண்டு சொன்னாள்: 1954இல் ‘பொன்னியின் செல்வன்’ கல்கியில் முடிந்தபோது அவளுக்குப் பத்து வயது. மூன்றரை வருஷம் வாராவாரம் கிழித்துச் சேர்த்ததைப் பாட்டி பைண்டுக்குக் கொடுக்காமல் இரண்டு மாதம் வைத்திருந்தாளாம். பைண்டு பண்ணிவிட்டால் முடிந்துவிட்டது என்று ஆகிவிடுமாம். அந்த டிசம்பரிலேயே கல்கி போய்விட்டார். எழுதிக்கொண்டிருந்த ‘அமரதாரா’வை மகள் ஆனந்திதான் முடித்தார்.

“அடுத்த படம் எப்போ?” என்றாள்.

“தெரியாதும்மா.”

“எனக்கு எண்பத்தொண்ணு ஆறது. சீக்கிரம் எடுக்கச் சொல்லு. அந்தப் பொண்ணு பெட்டியை விட்டு வந்தாளா இல்லையான்னு பாக்கணும்.”

அடுப்பில் குக்கர் மூன்றாவது விசில் கொடுத்தது. என் தோளிலிருந்து துண்டை உருவிக்கொண்டு உள்ளே போனாள்.