இடது மூலை ரசிகர்

நவீன ஓவியர்களின் அச்சோவியங்களைத் திரட்டுபவர் என்று ஒரு வகை மனிதர் உண்டு; கண்காட்சிக் கூடத்தில் மற்றவர்களெல்லாம் படத்தின் நடுவைப் பார்த்துக்கொண்டிருக்கையில், கீழ் இடது மூலையை நோக்கிக் குனிந்து நிற்பவர் எவரோ அவரே அவர் என்று கொள்ளலாம். அந்த மூலையில்தான் பென்சிலால் 37/75 என்பது போன்ற ஓர் எண் எழுதப்பட்டிருக்கும். கல்லிலோ செப்புத் தகட்டிலோ பட்டுத்திரையிலோ ஓவியர் உருவாக்கிய படத்திலிருந்து 75 பிரதிகள் மட்டுமே எடுக்கப்பட்டன, இது அவற்றுள் 37ஆவது என்பது அதன் பொருள். வலது மூலையில் ஓவியரின் கையொப்பம் இருக்கும். இரண்டு மூலைகளையும் சரிபார்த்த பிறகு, நேரம் இருந்தால், இடையில் உள்ள படத்தையும் அவர் பார்ப்பதுண்டு.

எண் சிறியதானால் பிரதி சிறந்தது என்பது அவருடைய முதற் கோட்பாடு. தகட்டை ஊசியால் நேரே கீறி அச்சிடும் டிரைபாயின்ட் முறையில், கீறலின் ஓரத்தில் எழும் பிசிறு ஒவ்வோர் அழுத்தத்திலும் நசுங்கித் தேய்வதால், முதல் சில பிரதிகளே செழுமையாக அமையும் என்பது உண்மையே. கையில் 4/75 இருக்கும்போது, அது கல்லச்சேயானாலும், இந்த விளக்கத்தை அவர் விரிவாகச் சொல்வார். 68/75 வாய்த்துவிட்டாலோ, தாள்கள் உலர்ந்தபின் கலைந்த அடுக்கிலிருந்தே பெரும்பாலும் எண்ணிடப்படுகின்றன என்ற, அதே அளவுக்கு உண்மையான, இரண்டாம் கோட்பாட்டுக்கு மாறிவிடுவார். ஓவியர் தமக்கென வைத்துக்கொள்ளும் பிரதிகள், அச்சகத்தாருக்குரிய பிரதிகள், விற்பனைக்கு அல்ல என்று குறிக்கப்பட்டுப் பின்னர் விற்பனைக்கே வந்து சேரும் பிரதிகள் ஆகியவற்றையும் கூட்டினால் 75 என்பது 90ஐ எட்டக்கூடும் என்பது அவரை உறங்கவிடாத செய்தி. அதே பதிப்பின் பிரதியொன்று யார் வீட்டிலோ வெள்ளத்தில் அழிந்தது என்று கேள்விப்பட்டால் அவர் மனமார வருந்துவார்; வருந்திக்கொண்டே கழித்தும் பார்ப்பார்.

ஒளி பட்டால் வண்ணம் வெளிறும் என்பதால் அவர் வீட்டுக் கூடத்தில் திரைச்சீலைகள் விலகுவதில்லை. விருந்தினர் அந்த அரையிருளில் தடவி நடந்துதான் கலையைத் தரிசிக்க வேண்டும். அவர்களுள் ஒருவர், "பிரிண்ட்தானே? ஒரிஜினல் எங்கே இருக்கிறது?" என்று கேட்டுவிட்டால் அன்றைய காப்பி ஆறிவிடும். எண்ணெய்ப் பசையும் நீரும் ஒட்டாத இயல்பைக் கொண்டு 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் செனஃபெல்டர் கல்லச்சைக் கண்டறிந்ததில் தொடங்கி, 1945 முதல் பாரிஸின் மூர்லோ அச்சகத்தில் பிக்காசோ ஆர்வத்தோடு அக்கலையில் ஈடுபட்டது வரை விளக்கி, அச்சுக்காகவே படைக்கப்பட்ட படத்தில் ஒவ்வொரு தாளும் மூலமே என்று அவர் நிறுவுவார். "அப்படியானால் 75 ஒரிஜினலா?" என்று விருந்தினர் வியப்பது பாராட்டாக அவர் காதில் விழுவதில்லை.

வரலாறும் அவருக்கு எப்போதும் ஒத்துழைப்பதில்லை. ரெம்பிராண்ட் தம் செதுக்கச்சுப் பிரதிகளுக்கு எண்ணிடாமலே போய்ச் சேர்ந்ததை 17ஆம் நூற்றாண்டின் அறியாமை என்று அவர் மன்னித்துவிடுகிறார். 1967இல் மர்லின் மன்றோவின் முகத்தைப் பத்து வண்ணச் சேர்க்கைகளில், 250 தொகுதிகளாக வெளியிட்ட ஆண்டி வார்ஹோல், கையொப்பத்தையும் எண்ணையும் தாளின் பின்புறத்தில் வைத்துவிட்டதால், எந்தப் பக்கத்தைச் சுவருக்குக் காட்டி மாட்டுவது என்பது அவருக்கு இன்றும் தீராத சிக்கல். 1974இல் அந்தோராவுக்குச் சென்றுகொண்டிருந்த வண்டியொன்றைப் பிரெஞ்சு அதிகாரிகள் மறித்தபோது, சால்வடோர் டாலியின் கையொப்பம் மட்டுமே கொண்ட, படம் எதுவும் அச்சிடப்படாத 40,000 வெற்றுத் தாள்கள் அகப்பட்டன. கலையுலகம் திடுக்கிட்டது, அவரும் முறையாகத் திடுக்கிட்டார். ஆயினும் அவருடைய ஆய்வுமுறையைப் பிறழாமல் பின்பற்றினால், அந்தத் தாள்களில் காணத்தக்க குறை ஒன்றே ஒன்றுதான்: எண்ணிட மறந்துவிட்டார்கள்.