‘போட்டுறலாமா சார்?’ – நீட்டித்த வாரன்டி குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருளை முதலில் வரையறுத்துவிடுவோம். புது கார் வாங்கும்போது கம்பெனி தானாகத் தருவது வாரன்டி. அது முடிந்தபின் இன்னும் ஓரிரு ஆண்டுகளுக்கு நாம் காசு கொடுத்து வாங்கிக்கொள்வது நீட்டித்த வாரன்டி. ஷோரூம்காரர் இதைப் பாதுகாப்பு என்கிறார், உறவினர் தண்டம் என்கிறார். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பே நம் ஆய்வுக்களம். டிராக்டரும் இருசக்கர வண்டியும் ஆய்வெல்லைக்கு வெளியே. அம்பாசடரும் அப்படியே. அதற்குத் தெருமுனை மெக்கானிக்கே ஆயுட்கால வாரன்டியாக இருந்தார்.

முன்னாய்வுகளைச் சுட்டாத ஆய்வேட்டை எந்த நெறியாளரும் ஏற்பதில்லை. ஆகவே அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து தொடங்குவோம். பழைய கார் சந்தையில் வண்டியின் குணம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாதவர் எல்லா வண்டிக்கும் பொதுவாகச் சுமாரான விலைதான் கேட்பார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்குக் கொடுக்க மனமில்லாமல் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது சொத்தை வண்டிகளே. இதற்காகவும் இதை ஒட்டிய ஆய்வுகளுக்காகவும் 2001இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நம்மூர் கார் புரோக்கர்கள் அத்தனை பேருக்கும் இது மனப்பாடம். எழுதி வைக்காமல் விட்டுவிட்டார்கள்.

சொத்தை வண்டியை அமெரிக்கர்கள் எலுமிச்சை என்பார்கள். அகர்லாஃப் கட்டுரையின் தலைப்பிலேயே எலுமிச்சை உண்டு. நாமோ புது வண்டியின் நான்கு சக்கரத்துக்கும் அடியில் சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சையை வைத்து, நசுக்கிய பிறகுதான் தெருவில் இறக்குகிறோம். அகர்லாஃப் கண்ட சிக்கலுக்குத் தமிழர் முன்கூட்டியே கண்ட தீர்வு இது எனக் கருத இடமுண்டு. சான்று மட்டும்தான் இல்லை.

வாங்குபவரின் அச்சத்தைப் போக்கும் வழிகளில் ஒன்றாக அகர்லாஃபே உத்தரவாதத்தைக் குறிப்பிடுகிறார். ஆனால் ஈண்டு ஒரு நுட்பம் நோக்கத்தக்கது. இலவசமாகத் தரும் வாரன்டி, விற்பவர் தன் பொருளை நம்புகிறார் என்பதற்கு அடையாளம். விலைக்கு விற்கும் வாரன்டியோ பந்தயம். எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் அந்த மாடலில் எந்தப் பாகம் எத்தனை கிலோமீட்டரில் கையை விரிக்கும் என்ற முழுக் கணக்கும் இருக்கிறது. நம்மிடம் மச்சான் இருக்கிறார்.

பொறியாளர்கள் பக்கமிருந்து வருவது ‘குளியல் தொட்டி வளைகோடு’. பொருள்கள் பழுதாகும் வேகத்தைக் கோடாக வரைந்தால் தொட்டியின் குறுக்குவெட்டு போல இருக்குமாம். புதிதில் தயாரிப்புக் குறைகளால் ஒரு மேடு, பிறகு நெடுங்காலம் தட்டை, முதுமையில் மீண்டும் மேடு. இலவச வாரன்டி முதல் மேட்டைப் பார்த்துக்கொள்கிறது. நீட்டித்த வாரன்டி பெரும்பாலும் தட்டையான அடிப்பகுதியில் காலை நீட்டிப் படுத்திருக்கும். எதிர் மேடு ஏறத் தொடங்கும்போது அதன் தேதி முடிந்துபோயிருக்கும். ‘தண்டம்’ கட்சியின் வலுவான சான்று இதுதான்.

ஆயினும் அக்கட்சியார் இப்போது தம் கணக்கைத் திருத்தியாக வேண்டும். மாருதி 2024 ஜூலையில் தன் இலவச வாரன்டியை 2 ஆண்டு, 40,000 கிலோமீட்டரிலிருந்து 3 ஆண்டு, 1,00,000 கிலோமீட்டராக உயர்த்தியது. மின்சாரக் கார் பேட்டரிக்கு 8 ஆண்டு, 1,60,000 கிலோமீட்டர் என்பது பரவலாகிவிட்டது. இலவசம் நீள நீள, நீட்டிப்பு நான்காம் ஐந்தாம் ஆண்டுகளுக்குத் தள்ளப்பட்டு, எதிர் மேட்டின் அடிவாரத்தை நெருங்குகிறது. நிறைய ஓட்டுபவர் அந்த மேட்டில் சீக்கிரமே ஏறிவிடுவார். ஆனால் ஆண்டு, கிலோமீட்டர் இரண்டில் எது முந்துகிறதோ அத்துடன் வாரன்டி முடிகிறது என்பதால், ஆண்டுக்கு 40,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு ஐந்தாம் ஆண்டு காகிதத்தில் மட்டும் இருக்கக்கூடும்.

இனி கள ஆய்வு. நீட்டித்த வாரன்டியைப் பற்றிய முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்பதை இதுவரை யாரும் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. டெலிவரி நாள். கார்மேல் சிவப்பு சாட்டின் துணி. பானெட்டில் மாலை, சந்தனம், குங்குமம். ஆளுயர அட்டைச் சாவியை ஒரு முனையில் அப்பாவும் மறுமுனையில் குழந்தையும் பிடித்திருக்க, போட்டோ எடுப்பவர் “கொஞ்சம் சிரிங்க” என்கிறார். நல்ல நேரம் முடியக் கால் மணி நேரம் இருக்கிறது. அப்போது ஃபைலோடு வருகிறார் விற்பனைத் தம்பி.

“எல்லாம் முடிஞ்சுது சார். இது ஒண்ணுதான். எக்ஸ்டெண்டட் போட்டுறலாமா சார்?”

“எவ்வளவுப்பா?”

“பதினஞ்சாயிரம் சார். ப்ளஸ் ஜி.எஸ்.டி.”

18 விழுக்காடு சேர்த்தால் 17,700 ரூபாய். தனியாக நின்றால் கண்ணை உறுத்தும் தொகை, பத்து லட்சத்துக்குப் பக்கத்தில் நிற்கையில் சில்லறையாகத் தெரிகிறது. “இவ்ளோ குடுத்தாச்சு, இதுக்குப் பார்த்துக்கிட்டு” என்று அம்மா சொல்ல, பேனா கைமாறுகிறது. அன்றைக்கே போடவேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. இலவச வாரன்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் போடலாம், தள்ளிப்போடப்போட விலை படிப்படியாக ஏறும், அவ்வளவுதான். இந்தத் தகவலை மறைக்கிறார்கள் என்று பழி சொல்ல முடியாது. கேட்டால் சொல்கிறார்கள். அட்டைச் சாவியைப் பிடித்திருப்பவர் கேட்பதில்லை.

அடுத்து மூலபாட ஆய்வு. நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்று நன்னூலில் வகுத்தார் பவணந்தி முனிவர். வாரன்டிக் கையேட்டை அவரிடம் காட்டியிருந்தால் எண்ணிக்கையைக் கூட்டியிருப்பார். அட்டையில் இருப்பது குன்றக் கூறல். உள்ளே விலக்குப் பட்டியலில் நடப்பது மிகைபடக் கூறல். கிளட்ச் பிளேட், பிரேக் பேட், வைப்பர், டயர், பல்பு, ரப்பர் புஷ் எதுவும் கணக்கில் வராது, தேய்மானம். அதாவது எவையெல்லாம் நிச்சயம் மாற்ற வேண்டிவருமோ அவையெல்லாம் வெளியே.

எலி வயரைக் கடித்தால் அது வெளிக்காரணம். கார் இரவில் நிற்பதே வெளியில்தான் என்ற வாதம் எடுபடாது. வெள்ளமும் வெளிக்காரணமே. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் தண்ணீரில் நின்ற வண்டியை ‘ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்’ என்று சாவி திருகியவர்கள் இதைப் பாடமாகவே படித்தார்கள். காற்றை அழுத்தவேண்டிய பிஸ்டன் தண்ணீரை அழுத்தப் பார்க்கும். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். வாரன்டியைக் கேட்டால் இன்சூரன்ஸைக் கைகாட்டும். இன்சூரன்ஸோ என்ஜினுக்கென்று தனியாக ஒரு சேர்க்கை எடுத்திருக்கிறாயா என்று திருப்பிக் கேட்கும். மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்துபவர்கள் இவ்விரு ஆவணங்களையும் முழுமையாக வாசித்த அறிஞர்கள் என்பது பெறப்படுகிறது.

வெளிக்கடையில் வயரை வெட்டி இரட்டை ஹாரன் போட்டவர், ‘நம்ம பையன்’ ஷெட்டில் ஆயில் மாற்றியவர், சர்வீஸ் தேதியைத் தவறவிட்டவர் ஆகியோரின் விண்ணப்பங்கள் எப்படித் திரும்பும் என்பதை விரிப்பின் பெருகும்.

அப்படியானால் உள்ளே என்னதான் இருக்கிறது? ஏ.சி. கம்ப்ரசர், டர்போ, டீசல் இன்ஜெக்டர், இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், என்ஜினின் மூளையான இ.சி.எம். போன்றவை. அடிக்கடி போகாது. போனால் பில்லைப் பார்த்து உட்கார நாற்காலி வேண்டும். ஐம்பதாயிரம் ரூபாய் வேலை ஒன்று வரக்கூடும் என்று வைத்துக்கொள்வோம். 17,700 ரூபாய் கட்டியது கணக்கில் நேராக, அப்படியொரு வேலை வரும் வாய்ப்பு 35 விழுக்காட்டுக்கு மேல் இருக்க வேண்டும். டர்போ இல்லாத, கையால் கியர் போடும் சிறிய பெட்ரோல் காருக்கு அவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பிந்திய ஆண்டுகளில் டர்போ டீசலுக்கும் இரட்டைக் கிளட்ச் வண்டிக்கும் நான் அப்படி அடித்துச் சொல்லமாட்டேன்.

இவ்வளவு கணக்கும் தெரிந்த ஆடிட்டர்களும் போடுகிறார்களே, ஏன்? இங்கேதான் என் கருதுகோள் வருகிறது. உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979இல், வரவு தரும் மகிழ்ச்சியைவிட அதே அளவு இழப்பு தரும் வலி பெரிது என்று நிறுவினார்கள். இழப்பை உடனிருந்து பார்க்கும் உறவினரை அவர்கள் சமன்பாட்டில் சேர்க்கவில்லை. தமிழ்க் குடும்பத்தில் நீட்டித்த வாரன்டி கம்ப்ரசரைக் காப்பதற்காக வாங்கப்படுவதில்லை. “நான் அப்பவே சொன்னேன்” என்ற வாக்கியத்திலிருந்து காத்துக்கொள்ளவே வாங்கப்படுகிறது.

இந்தக் காப்பு பலிக்கிறதா என்று சோதித்தோம். போடாமல் வேலை வந்தால், “ஒரு பதினஞ்சாயிரத்துக்குப் பார்த்தாரு” என்பார் மச்சான். போட்டு வேலையே வராவிட்டால், “இருக்கற காசை ஷோரூம்காரனுக்கு அழுதாரு”. போட்டு, வேலை வந்து, கம்பெனி மறுத்துவிட்டால், “படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடணும் மாமா”. போட்டு, வேலை வந்து, கம்பெனி பைசா வாங்காமல் செய்தும் கொடுத்துவிட்டால், “நான்தான் போடச் சொன்னேன்”. நான்கு நிலையிலும் காசு கட்டியவருக்குப் பெயரில்லை. ஐந்தாவதாக ஒன்று உண்டு: போடாமலும் வேலை வராமலும் ஐந்தாண்டு ஓடிவிடுவது. அதைப் பற்றி எந்த வீட்டிலும் யாரும் பேசுவதில்லை. எனவே தரவு இல்லை.

பரிந்துரை என ஒரு பகுதி இல்லாவிட்டால் ஏடு திரும்பி வரும். டெலிவரி அன்று போடாதீர்கள். போட நினைத்தால் ரசீதில் இருப்பது கார் கம்பெனியின் திட்டமா, டீலரின் சொந்தத் திட்டமா என்று பாருங்கள். பின்னதாக இருந்தால் ஊர் மாறிப் போகும்போது அது அங்கே செல்லுமா என்பதை எழுத்தில் கேளுங்கள். காரை விற்றால் மிச்சக் காலம் அடுத்த உரிமையாளர் பெயருக்கு மாறுமா, அதற்கு என்ன கட்டணம் என்பதையும் சேர்த்துக் கேட்பது நல்லது. முதல் சர்வீஸுக்குப் போகும்போது, சேல்ஸ் பக்கம் திரும்பாமல் நேராக சர்வீஸ் அட்வைசரிடம் போய், “இந்த மாடல்ல எதுங்க அடிக்கடி வருது?” என்று விசாரியுங்கள். அவர் ஒன்றுமில்லை என்று சட்டென்று சொன்னால் யோசிக்க நேரம் இருக்கிறது. பதில் சொல்லாமல் சிரித்தால் போட்டுவிடுங்கள்.