அளவோடு எழுதினால் பரிசு

கேள்வி: சனிக்கிழமைதோறும் எங்கள் குடியிருப்புப் பெண்கள் கூடிச் சமையல் குறிப்புகளைப் பகிர்ந்துகொள்கிறோம். ஒருவருக்குப் பரிசு கொடுக்க நினைக்கிறோம். யாருக்குக் கொடுப்பது, என்ன கொடுப்பது?
- வாசகி, மதுரை

பதில்: ருசிக்குப் பரிசு வைத்தால் அடுத்த வாரம் பாதிப் பேர் வரமாட்டார்கள். குலுக்கல் போடுங்கள், சீட்டில் பெயரோடு முழுக் குறிப்பும் இருக்கட்டும். 'புளி கொஞ்சம், உப்பு தேவைக்கு' என்ற சீட்டுக்குக் குலுக்கலில் இடமில்லை! எங்கள் அத்தை வத்தக்குழம்புக்குக் கண்ணளவுதான் சொன்னார். அவரோடு அந்த ருசியும் போய்விட்டது. எலுமிச்சையளவு புளி, நல்லெண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை கொதிக்கவிடு என்று எழுதினால்தான் அடுத்த வீட்டிலும் குழம்பு கூடிவரும். 1951-இல் வெளிவந்த எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' சமையல் நூல் இன்றும் அடுப்படியில் புரட்டப்படுவது இப்படி அளவோடு எழுதியதால்தான். பரிசாக அஞ்சறைப் பெட்டி கொடுங்கள். கடுகும் சீரகமும் நிரப்பியே கொடுங்கள். வெறும் பெட்டி வேண்டாம்.