எவரெஸ்ட்டில் ஃபைனல் செக்கிங்

திருப்பூர் காதர்பேட்டையில் பனியனைப் புரட்டிப் பார்த்தே பழகிய கண்ணுக்கு, எவரெஸ்ட் வரலாறும் துணி வரலாறாகத்தான் தெரியும். 1922-ல் அங்கே போன வெள்ளைக்காரத் துரைமார்களின் படத்தைப் பாருங்கள். ட்வீட் கோட்டு, காலில் சுற்றிய பட்டி, கழுத்தில் மஃப்ளர். ஊட்டியில் குள்ளநரி வேட்டைக்குக் கிளம்பி வழி தவறியவர்கள் மாதிரி இருப்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒழுங்காக சாம்பிள் தைத்துக்கொண்டு வந்தவர் ஜார்ஜ் ஃபின்ச். ஆஸ்திரேலியாவில் பிறந்த வேதியியல்காரர். அவர் கோட்டில் காற்றுப் புகாத பலூன் துணி வெளியே, ஈடர் வாத்தின் இறகு உள்ளே. இன்றைய பஃபர் ஜாக்கெட்டுக்குத் தாத்தா. துரைமார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜென்டில்மேன் போடுகிற உடுப்பா இது?

பதில் சொன்னது புயல். மே மாதக் கடைசியில், 7,770 மீட்டரில் ஒரு கூடாரம். உள்ளே ஃபின்ச், அதுவரை ஒரு மலைகூட ஏறாத ஜெஃப்ரி புரூஸ், கூர்க்கா வீரர் தேஜ்பீர். காற்று கூடாரத்தைத் தூக்கப் பார்க்க, மூவரும் ராத்திரி முழுக்க அதன்மேல் படுத்தே பிடித்துவைத்தார்கள். மறுநாள் காற்று அடங்கியதும் இறங்கியிருக்க வேண்டும், இறங்கவில்லை. சாயங்காலம் கீழ் முகாமிலிருந்து ஷெர்பாக்கள் சூடாக டீ கொண்டு வந்தார்கள். (நம்மூரில் எதிர்க்கடையிலிருந்து பவர் டேபிளுக்கு டீ வருவதற்குள் ஆறிவிடுகிறது.) மே 27 அன்று ஃபின்ச்சும் புரூஸும் 8,320 மீட்டர் தொட்டார்கள். அன்றைக்கு அது உலக சாதனை. கோட்டைப் பார்த்துச் சிரித்த சிரிப்பும் பொறாமையாகியிருந்தது.

1924 பயணத்துக்கு ஃபின்ச்சைக் கூப்பிடவே இல்லை. சொற்பொழிவுப் பணத்தில் எவரெஸ்ட் கமிட்டியோடு தகராறு. சரக்கு ஓகே, சப்ளையர் ரிஜெக்ட்! அதே மனிதர் பின்னாளில் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்துக்கு இயக்குநராக வந்தார் என்பது தனிக்கதை.

அந்த 1924 பயணத்தில் உச்சியை நோக்கி மேலே போனது மல்லோரி, இர்வின் என்ற இருவர். பட்டு, பருத்தி, கம்பளி, அதற்குமேல் கேபர்டின். ஜூன் 8, பகல் 12.50-க்கு முகட்டில் இரண்டு புள்ளிகளை, கீழே இருந்த சக மலையேறி ஓடெல் பார்த்தார். மேகம் மூடியது, 2 மணிக்குப் பனிச் சூறை, ஆட்கள் திரும்பவில்லை. 2006-ல் அதே உடுப்பைத் தைத்து எவரெஸ்ட்டில் போட்டுப் பார்த்தார்கள். வெயில் நாளுக்குச் சரி, ராத்திரி வெளியில் தங்கினால் தாங்காது என்று தெரிந்தது. திருப்பூரில் முதல் பனியன் கம்பெனி வந்தது 1925 வாக்கில். நல்லவேளைங்க, ஒரு வருஷம் பிந்தினோம். வேர்வையைக் குடித்துவிட்டு உடம்போடு ஒட்டிக்கொள்ளும் காட்டன், சித்திரை வெயிலுக்கு வரம், ஐஸ் மலையில் எமன். பழி நம் தலையில் விழுந்திருக்கும்.

1999-ல் 8,100 மீட்டருக்கு மேலே ஓர் உடல் கிடைத்தது. தேடிப்போனது இர்வினை. சட்டைக் காலரைத் திருப்பினால் லேபிளில் மல்லோரி பெயர். மல்லோரி சட்டையை இர்வின் ஏன் போட்டான் என்று குழம்பிய பிறகுதான், அது மல்லோரியே என்று உறைத்தது. 2024-ல் ரோங்பக் பனியாற்றில் ஒரு பூட்ஸ். உள்ளே சாக்ஸ், அதில் தைத்த லேபிள்: ஏ. சி. இர்வின்.

நூறு வருஷம் ஐஸில் ஊறியும் தையல் விடவில்லை. ஐந்து வாஷுக்கு லேபிள் நிற்குமா என்று நம்மைக் குடைகிற பையருக்கு, அந்த சாக்ஸ் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம்.